ஆறு ஊசியும் ஒரு பஞ்சுக்குச்சியும்

கொமரலிங்கம்
9 செப்டம்பர் 2024

மாமாவுக்கு,

மதுமதி எழுதுவது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன மாதம் நான் போனில் அழுததை நீங்கள் ரெக்கார்டு செய்து, உங்கள் சித்தப்பா வீட்டு விருந்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினீர்கள். "இத்தனை அழுவறாளே, ஒண்ணையாவது பெத்தாளா" என்று யாரோ கேட்க, பந்தியே சிரித்ததாம். நீங்களும் சிரித்தீர்களாம். இனிமேல் என் குரல் உங்களுக்குக் கிடையாது. வேண்டுமானால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. பத்து வாரம். ஆடி மாதம் உங்கள் வீட்டுப் படி இறங்கியபோதே இது வயிற்றில் இருந்திருக்கிறது. நான்காவது. முதல் மூன்றும் எப்படிப் போயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதையாவது உயிரோடு கையில் வாங்க வேண்டும். எனக்கு இப்போது வேறு எதுவும் வேண்டாம். திரும்ப வந்து உங்களோடு வாழ்வதைப் பற்றியும் நான் பேச வரவில்லை.

இங்கே அப்பா ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் அனிதா என்று ஒரு டாக்டர் பார்க்கிறார். என் பழைய ஃபைல் வேண்டும் என்கிறார். கோயமுத்தூர் கிளினிக்கில் எனக்கு ஆறு தடவை ஊசி போட்டார்களே, அந்தக் காகிதங்கள். காலையில் திருப்பூர் லேபில் நீங்கள் ரத்தம் கொடுப்பீர்கள். அதிலிருந்து வெள்ளையணுவைப் பிரித்து, மத்தியானம் என் முன்கையில் தோலுக்கு அடியில் ஏற்றுவார்கள். "உன் உடம்பு புருஷனோட செல்லை எதிரின்னு நினைக்குதும்மா. கொலைகார செல் அதிகமா இருக்கு. அவரோட செல்லை ஏத்தி ஏத்திப் பழக்கிட்டா, குழந்தையைத் தாக்காது" என்றார் அந்தப் பெரிய டாக்டர்.

அவர் ஒரு தடவைதான் சொன்னார். அத்தை இரண்டு வருஷமாகச் சொல்கிறார். "எங்கூட்டு ரத்தத்தைக் கண்டா இவ உடம்புக்கு ஆகறதில்லீங்க, உள்ளயே கொன்னு போடுதுங்க" என்று காய்கறிக்காரரிடம்கூடச் சொன்னார். ஃபைல் பீரோ மேல்தட்டில், என் கல்யாணப் புடவைக்குக் கீழே இருக்கிறது. அனுப்பி வையுங்கள்.

மதுமதி

*

திருப்பூர்
20 செப்டம்பர் 2024

மது,

கையில் கிடைத்த டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உனக்கு இது போதும். இங்கே மூன்று கண்டெய்னர் நிற்கிறது, நீ போஸ்டாபீஸ் விளையாட்டு விளையாடுகிறாய்.

நான்காவதா? அம்மாவிடம் சொன்னேன். "இன்னொண்ணு போய்ச் சேர்றதுக்கு வந்திருக்குதாக்கு" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. அதைத் தப்பு சொல்லாதே. மூன்று தடவை சாமிக்கு வேண்டி, மூன்று தடவை சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, மூன்று தடவையும் ஊர் முன்னால் தலை குனிந்தது அது. நீயா குனிந்தாய்? நீ பாட்டுக்குப் படுத்துக்கிடந்தாய்.

ஃபைலைக் காதர்பேட்டைக் கடைப் பையன்கள் மூலமாகப் பார்சல் போட்டிருக்கிறேன். அதை விரித்துப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள். உனக்காக ஆறு தடவை நரம்பில் ஊசி குத்திக்கொண்டவன் நான். எந்தப் புருஷன் செய்வான்? என் ரத்தத்தைக் கொடுத்தும் உன் உடம்பு திமிர் பிடித்து நின்றால் அதற்கு நான் என்ன செய்ய?

ஐந்து மாதம் தாண்டினால் தகவல் சொல். அதுவரை யாரிடமும் வாயைத் திறக்காதே. காங்கயத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அவர்கள் காதுக்கு இது போக வேண்டாம்.

செந்தில்வேல்

*

கொமரலிங்கம்
6 அக்டோபர் 2024

மாமாவுக்கு,

ஃபைல் வந்தது. அனிதா டாக்டர் அதைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன குரூப்பும்மா?" பி பாசிட்டிவ் என்றேன். உங்கள் டிரைவிங் லைசென்சில் இருக்கிறது, நான் எத்தனை தடவை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். அவர் காகிதங்களை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆறு தாள். ஆறிலும் உங்கள் பெயர், உங்கள் ஆதார் எண். ஆறிலும் ஓ பாசிட்டிவ்.

கையெழுத்தையும் பார்த்தேன். நீங்கள் செக்கில் போடுவது ஒரு கோழிக் கிறுக்கல். இதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாக, மெதுவாக, அழகாகத் தமிழில் எழுதியிருக்கிறது.

என் கையில் ஏறியது யாருடைய ரத்தம்?

அந்த ஆறு நாளும் சாயங்காலம் நீங்கள் முழங்கை மடிப்பில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வருவீர்கள். சோபாவில் சாய்ந்து "தலை சுத்துது" என்பீர்கள். எனக்கு ஊசி போட்ட இடமெல்லாம் தடித்து, அரித்து, எரிந்துகொண்டிருக்கும். அந்தக் கையால் மாதுளை உரித்து, பிழிந்து, வடிகட்டி உங்களுக்குக் கொடுப்பேன். ரத்தம் கொடுத்த உடம்பாயிற்றே என்று. ஒரு சொட்டு விடாமல் குடித்தீர்களே மாமா.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கொலைகார செல் கதையை அனிதா டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேரைக் கேட்டு பயந்துட்டீங்களா? கையில எடுக்கற ரத்தத்துல இருக்கறது வேற, கர்ப்பப்பையில இருக்கறது வேற. கர்ப்பப்பையில இருக்கறது குழந்தையைக் கொல்ல வரலை. நச்சுக்கொடிக்கு நல்லா ரத்தம் போகணும்னு குழாயை அகலப்படுத்திக் கொடுக்கற வேலை அதுக்கு" என்றார். எனக்கு இருப்பது வேறு கோளாறு. நச்சுக்கொடிக்குள் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்கிறது. அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு, மருந்தும் உண்டு. மூன்று போன பிறகும் அந்த டெஸ்ட்டை யாரும் எடுக்கவில்லை. இப்போது தினமும் காலையில் என் வயிற்றில் நானே ஊசி போட்டுக்கொள்கிறேன். வலிக்கிறது. போட்டுக்கொள்கிறேன்.

கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மதுமதி

*

திருப்பூர்
22 அக்டோபர் 2024

மது,

பெரிய சிஐடி ஆகிவிட்டாய். சரி, கேள்.

முதல் தடவை லேபுக்கு நான்தான் போனேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ரப்பரைக் கையில் கட்டும்போதே வியர்த்து ஊற்றிவிட்டது. ஊசியைக் கண்டால் எனக்கு ஆகாது, சின்ன வயதிலிருந்தே. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு பையர் போன் வந்தது. எழுந்து வெளியே வந்தேன். வண்டியில் தவசி உட்கார்ந்திருந்தான். நம் பனியன் யூனிட்டில் செக்கிங்கில் இருக்கிறானே, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், அவன்தான். என் ஆதாரைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கார்டைப் பார்த்தார்களே தவிர முகத்தை யாரும் பார்க்கவில்லை. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அன்றைக்கு அவனுக்கு லீவு, ஒரு பிரியாணிப் பொட்டலம். அவன் சந்தோஷமாகத்தான் போனான்.

பிளாஸ்திரியை மெடிக்கலில் வாங்கி ஒட்டிக்கொண்டேன். ஒட்டாவிட்டால் நீ நூறு கேள்வி கேட்பாய். நீயாகப் பிழிந்து கொடுத்தாய், நானாகக் கேட்டேனா?

இப்போது என்ன குடி முழுகிவிட்டது? ரத்தம் ரத்தம்தான். உன் டாக்டரம்மாவே அந்த ஊசி ஒன்றும் செய்யாது என்கிறாளே, பிறகு யாருடையதாக இருந்தால் என்ன? இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

செந்தில்வேல்

*

கொமரலிங்கம்
18 நவம்பர் 2024

திரு. செந்தில்வேல் அவர்களுக்கு,

மாமா என்று எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது போன நாளை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். நான்காவது ஊசி போட்ட பிறகு தங்கிய கரு அது. பதினான்கு வாரம். பாத்ரூம் தரையில் உட்கார்ந்து நான் கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை கதவுக்கு வெளியே நின்று, "பையன் ரத்தத்தை வடிச்சு வடிச்சுக் கொடுத்தான், அதையும் முழுங்கிட்டு இவ கொன்னுட்டாளுங்க" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னார். நீங்கள் கதவு நிலையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நிமிஷம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை என்று. நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் ரத்தத்தை வீணாக்கிவிட்டேன் என்று காலைப் பிடித்தேன். நீங்கள் காலை இழுத்துக்கொண்டு, "விடு, ஷிப்மெண்ட் இருக்கு" என்றீர்கள்.

கடிதத்தைக் கிழிக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'மது உடம்பு என் ரத்தத்தைக் கொல்லலை, நான் ரத்தமே கொடுக்கலை' என்று. இந்தக் குழந்தை பிறக்கும்போது இதன் அம்மா கொலைகாரி என்ற பேச்சு இருக்கக் கூடாது.

ஐந்து மாதம் தாண்டிவிட்டது. அசைகிறது.

மதுமதி

*

திருப்பூர்
14 ஜனவரி 2025

மதுமதிக்கு,

நீ கேட்டபடியே அம்மாவிடம் சொல்லியாயிற்று. சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் இருந்தார்கள். இப்போது அனுபவி.

அம்மா ஒன்று கேட்டது பார். "என்ர பையனுது மூணும் நிக்கலை. ஆறு தடவை அந்தத் தெக்கத்தியான் ரத்தத்தை ஏத்தி ஏத்தி அவ உடம்பை அவனுக்குப் பழக்கியாச்சு. இப்ப ஒண்ணு நிக்குது. அப்ப அது யாருது?"

சொல், யாருடையது? நீயே கிளினிக்கில் கையெழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டதுதானே, யார் செல்லை ஏற்றுகிறோமோ அவன் பிள்ளையை உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று. என் செல்லை உன் உடம்பு பார்த்ததே இல்லை. பிறகு எப்படி என் பிள்ளை ஏழு மாதம் உள்ளே இருக்கும்? எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. யோசிக்க யோசிக்க சரியாக வருகிறது. மத்தியானம் நான் காதர்பேட்டைக் கடையில் இருப்பேன், யூனிட் வீட்டுக்குக் கீழேதான். அவன் தண்ணீர் கேட்டு மேலே வந்ததில்லையா?

தவசியை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே தள்ளினோம். சித்தப்பா பையன்கள் இரண்டு அடி கூடக் கொடுத்துவிட்டார்கள். அவன் பொண்டாட்டி வேல்விழி பேக்கிங்கில் இருந்தாள். அவளையும் அனுப்பியாயிற்று. அவன் கும்பிட்டுக்கொண்டே போனான். உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டாயா?

செந்தில்வேல்

*

கொமரலிங்கம்
16 ஏப்ரல் 2025

செந்தில்வேல் அவர்களுக்கு,

ஜனவரிக் கடிதத்துக்கு இப்போது பதில். பிள்ளை வெளியே வரும்வரை எதையும் மனதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அனிதா டாக்டர் சொல்லியிருந்தார். உங்கள் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

ஏப்ரல் 5ஆம் தேதி காலை வலி எடுத்தது. மத்தியானம் இரண்டேகாலுக்குப் பையன் பிறந்தான். இரண்டே முக்கால் கிலோ. நன்றாக அழுதான்.

வலிக்கு நடுவில் டாக்டர் ஒன்று சொன்னார். அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். "ஒம்பது மாசமும் குழந்தையைத் தொடாம ஒதுங்கி இருந்துச்சு பாருங்க உங்க வெள்ளையணு, இப்ப அதுதான் கூட்டமா வந்து கர்ப்பப்பை வாயை இளக்குது. வலி கொண்டுவர்றதுல அதுக்கும் பங்கு உண்டு. உங்க உடம்பு நாள் பார்த்துத்தான் வேலை செய்யுது கண்ணு, பயப்படாதீங்க." நான் வலியோடு வலியாக அழுதேன். கொலைகார உடம்பு என்று இரண்டு வருஷம் நீங்கள் எல்லோரும் திட்டிய உடம்பு இது. எதைக் காக்க வேண்டும், எதை எப்போது வெளியே விட வேண்டும் என்று இதற்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

உங்கள் அம்மா கேட்ட கேள்வியையும் டாக்டரிடம் கேட்டேன், வெட்கத்தை விட்டு. தோலுக்கடியில் போட்ட அந்நிய வெள்ளையணுவை உடம்பு கொஞ்ச நாளில் தின்று தீர்த்துவிடும். அதனால் யாருக்கும் யாரும் பழகிவிடுவதில்லை. உங்கள் ரத்தமே வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு எரிவது அதில்தான். ஒன்றுக்கும் உதவாத ஒரு விஷயத்தில்கூட உங்களால் என்னை ஏமாற்றாமல் இருக்க முடியவில்லை.

தவசி ஒரு நாளும் படியேறி வந்ததில்லை. லேபுக்குள் அவரை அனுப்பியது நீங்கள்.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன்.

மதுமதி

*

திருப்பூர்
28 ஏப்ரல் 2025

மதுமதிக்கு,

போட்டோ பார்த்தோம். பிறந்த குழந்தைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கள் வம்சத்து ஆண்களுக்கு உச்சந்தலையில் இரட்டைச் சுழி இருக்கும், எனக்கு இருக்கிறது, அப்பாவுக்கு இருந்தது. இவனுக்கு இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னது. நீ போட்டோவில் குல்லாயைப் போட்டு மூடி வைத்திருக்கிறாய்.

டெஸ்ட் எடுத்துவிடலாம். வக்கீல் எழுதிக் கொடுத்த பத்திரம் இத்துடன் இருக்கிறது. என் பிள்ளை இல்லை என்று வந்தால் அவனுக்கும் எனக்கும் எந்த உறவும் உரிமையும் கிடையாது, விவாகரத்துக்கு நீ சம்மதிக்க வேண்டும். என் பிள்ளை என்று வந்தால் அவனை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு நீ போய்விட வேண்டும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அனுப்பு. யோக்கியமானவள் என்றால் பயம் எதற்கு?

மே 12, காலை பத்து மணி. லேப் முகவரி பத்திரத்தில் இருக்கிறது. நீ பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்கலாம். நாம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கத் தேவையில்லை. நான் தனியாக வந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவேன்.

செந்தில்வேல்

*

கொமரலிங்கம்
14 மே 2025

செந்தில்வேலுக்கு,

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் என் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கறதுக்கா ஒம்பது மாசம் வயித்துல ஊசி குத்திக்கிட்ட?" என்று கேட்டார். எனக்கும் பயம் இருந்தது. ஆனால் உங்களோடு ஆறு வருஷம் வாழ்ந்திருக்கிறேன், உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும்.

நான் வெளியே காத்திருக்கவில்லை. ஒன்பதரைக்கே போய் உள்ளே கடைசி நாற்காலியில் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டேன். பையில் ஒரு பாட்டில் மாதுளைச் சாறு. நீங்களே வந்து ரத்தம் கொடுத்தால் கொடுக்கலாம் என்று பிழிந்து எடுத்துப் போயிருந்தேன். அங்கே போனால் ஊசியே கிடையாதாம். கன்னத்துக்குள் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டுத் தேய்த்து எடுக்கிறார்கள். இவனுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள், சிணுங்கக்கூட இல்லை.

பத்தேகாலுக்கு "செந்தில்வேல்" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனது உங்கள் கட்டிங் மாஸ்டர் கன்னையன்.

ஊசிக்குப் பயம் என்று இந்தத் தடவை சொல்ல முடியாது. வேறு ஒருவர் எச்சில் போனால் உங்கள் பிள்ளை இல்லை என்று வரும். காங்கயத்துக்காரர்களுக்கு அந்தக் காகிதம் வேண்டும். இவ்வளவுதானே கணக்கு?

நான் எழுந்து நின்று "இவர் என் வீட்டுக்காரர் இல்லைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பத்திரப்படி இவனை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். மடியில் இவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை. கன்னையன் வாயைத் திறந்தார், குச்சியை விட்டார்கள், கார்டைப் பார்த்துக்கொண்டார்கள், முடிந்தது.

திரும்பும்போதுதான் என்னைப் பார்த்தார். தீபாவளிக்குத் தீபாவளி என் கையால் சாப்பிட்ட மனுஷன். "அம்மிணி, மொதலாளி கையெழுத்துப் போட்டுட்டு வா போதும்னாருங்க, எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எதற்கு என்று சொன்னேன். அந்த மாதுளைச் சாற்றை அவருக்குத்தான் கொடுத்தேன். குடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஒரு பிரதி தவசி வீட்டுக்குப் போயிருக்கிறது, வேல்விழி பெயருக்கு. ஒன்று என்னிடம். தவசி பெயரை யாராவது எடுத்தாலோ, என்றைக்காவது நீங்கள் இந்தப் படியேறி என் பிள்ளை என்று கேட்டு வந்தாலோ அது வெளியே வரும். அதுவரை வராது.

அறிக்கை பத்து நாளில் வரும். உங்கள் பிள்ளை இல்லை என்று வரும். பத்திரப்படி உங்களுக்கும் இவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊர் என்னை என்ன சொல்லும் என்று தெரியும். சொல்லட்டும், ஏற்கெனவே கொலைகாரி என்று கேட்ட காதுதான்.

உங்கள் அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது தினமும் பார்க்கிறேன். இவன் உச்சந்தலையில் இரண்டு சுழி, வலது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. உங்களுக்கு இருப்பது அப்படியே.

அறிக்கையை உங்கள் அம்மா நம்புவார். காங்கயத்தார் நம்புவார்கள். ஊரே நம்பும். அந்தக் குச்சி யார் வாய்க்குள் போனது என்று தெரிந்த நீங்கள் மட்டும் சாகும்வரை அதை நம்ப முடியாது.

மதுமதி